அரச அலுவலகக் கொள்வனவில் சுற்றுச்சூழலைப் பார்ப்பது எப்படி? குறைந்த விலைக்காரனுக்குத்தான் கொடுக்க வேண்டுமா?

வாவிக்கரை_எழுத்தர்

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில் ஒரு அரச அலுவலகத்தில் கொள்வனவுப் பிரிவில் இருக்கிறேன். அடுத்த வருடத்துக்கான பெறுகைத் திட்டம் போடுகிற நேரம். புதிதாக வந்த மேலதிகாரி கூட்டத்தில், "இனிமேல் சாமான் வாங்கும்போது சுற்றுச்சூழலையும் பாருங்கள்" என்றார். எப்படிப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

பட்டியலில் இருப்பவை: ஏ4 தாள், டோனர், இரண்டு ஏசி, பழைய டியூப் லைட்டுகளுக்குப் பதிலாக எல்ஈடி, செயலமர்வுகளுக்குச் சாப்பாடும் தண்ணீரும், பெனர், கோப்பு உறைகள். மூன்று கொட்டேஷன் எடுப்போம், குறைந்ததற்குக் கொடுப்போம், இதுதான் வழக்கம். விலை கூடியதை நான் தெரிவு செய்தால் நாளைக்கு ஒடிட்டுக்குப் பதில் எழுதப்போவது மேலதிகாரி இல்லை, நான்தான். இருக்கிற விதிகளுக்குள் இதைச் செய்ய வழி இருக்கிறதா, இல்லை இதுவும் மேடைப் பேச்சுதானா?

பட்டிருப்பு_பாலம்

மேடைப் பேச்சுத்தான் தங்கச்சி. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு ஒரு அலுவலகத்தில் மரம் நடப் போனேன். வாசலில் பத்தடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பெனர், அதில் திகதி பெரிதாக அச்சடித்திருந்தது, அதனால் அடுத்த வருடம் பாவிக்க ஏலாது. வந்த ஆட்களுக்கெல்லாம் கையில் ஒரு அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல். மரக்கன்றும் கறுப்புப் பொலித்தீன் பையில்தான் வந்தது. பிறகு அந்தப் பெனர் பக்கத்து வீட்டு விறகுக் கொட்டிலுக்குக் கூரையாகப் போனது. உண்மையில் அந்த நிகழ்வில் மறுபாவனை நடந்தது அது ஒன்றுதான்.

பழைய_கணக்காளர்

நான் ஓய்வு பெற்றுச் சில காலம். ஆனாலும் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதவேண்டும், ஏனென்றால் நம்முடைய ஆட்கள் பெரும்பாலானோர் விதியைப் படிக்காமலே விதிக்குப் பயப்படுகிறார்கள்.

2006 பெறுகை வழிகாட்டலை எடுத்துப் பாருங்கள். "குறைந்த விலைக்குக் கொடு" என்று அதில் எங்கும் இல்லை. நிபந்தனைகளுக்குப் பெரும்பாலும் இணங்கிய விலைமனுக்களுக்குள், *மதிப்பீடு செய்த பின்* எது குறைந்ததோ அதற்குக் கொடு என்றுதான் இருக்கிறது. அந்த மதிப்பீட்டில் வாங்கும் விலையோடு இயக்கச் செலவு, பராமரிப்புச் செலவு எல்லாவற்றையும் சேர்க்கலாம். ஒரே நிபந்தனை, என்னென்ன சேர்ப்போம், எப்படிக் கணக்குப் பார்ப்போம் என்று விலை கேட்கும் பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். விலை எல்லாம் வந்து, உறையைத் திறந்த பிறகு "இது சூழலுக்கு நல்லது, இதற்கே கொடுப்போம்" என்று சொன்னால் அது பிழை. ஒடிட் கேட்கும், கேட்கவும் வேண்டும். 2025 ஜனவரியில் இருந்து புதிய வழிகாட்டல் வந்துவிட்டது, அதிலும் முன்கூட்டிச் சொல்லாத அளவுகோலை இடையில் புகுத்த முடியாது.

ஆகவே தீர்மானம் நடப்பது விவரக்கூற்று, அதாவது ஸ்பெக், எழுதுகிற அன்றைக்குத்தான். அன்றைக்கு நாம் என்ன செய்கிறோம்? போன வருடக் கோப்பை எடுத்து, திகதியை மாற்றி, போட்டோகொப்பி அடிக்கிறோம்.

உங்கள் ஏசியையே எடுப்போம். 18,000 பீடியூ சாதாரண ஏசி 210,000 ரூபாய், அதே அளவு இன்வேர்ட்டர் 270,000 ரூபாய் என்று வையுங்கள், கணக்குக்காகத்தான் சொல்கிறேன். இரண்டுக்கும் சராசரியாக மணிக்கு அரை யூனிட் வித்தியாசம். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வருடத்துக்கு 240 வேலை நாள், மொத்தம் 960 யூனிட். யூனிட் 30 ரூபாய் என்றால் வருடத்துக்கு 28,800 ரூபாய், ஐந்து வருடத்துக்கு 144,000 ரூபாய். இப்போது கூட்டிப் பாருங்கள், மதிப்பிடப்பட்ட விலையில் 84,000 ரூபாய் குறைந்து நிற்பது 270,000 ரூபாய் ஏசிதான். அதை வாங்க யாரிடமும் சலுகை கேட்கத் தேவையில்லை. "விலையோடு ஐந்து வருட மின்சாரச் செலவும் கூட்டப்படும், மின்நுகர்வு சோதனை அறிக்கைப்படி எடுக்கப்படும்" என்று பத்திரத்தில் இரண்டு வரி இருந்தால் போதும்.

வாவிக்கரை_எழுத்தர்

சேர், விளங்குகிறது. ஆனால் ஏசி வாங்குகிற காசு மூலதன வாக்கில், அதாவது மூலதனச் செலவுக்கான ஒதுக்கீட்டில் இருந்து வருகிறது. மின்சார பில் மீண்டெழும் செலவு. மூலதனத்தில் எங்களுக்கு ஒதுக்கியது இரண்டு சாதாரண ஏசிக்கு மட்டும்தான். மிச்சப்படும் மின்சாரக் காசு எங்களுக்குத் திரும்பி வராதே?

பழைய_கணக்காளர்

நீங்கள் பிடித்தது சரியான முடிச்சு. திறைசேரியின் கணக்கில் இலாபம், உங்கள் அலுவலகத்தின் கணக்கில் நட்டம். பத்து வருடம் நான் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பட்ஜெட் மதிப்பீடு கேட்கும்போதே இன்வேர்ட்டர் விலையைப் போட்டு, கீழே இந்தக் கணக்கை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் இந்த வருடம் இரண்டுக்குப் பதில் ஒன்று வாங்குங்கள். இரண்டாவது யாருடைய அறைக்கு என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதற்கு அவசரம் இருக்காது. வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

கல்முனை_நானா

நான் ஏசி பூட்டுகிற, திருத்துகிற ஆள். பொத்துவிலில் இருந்து வாழைச்சேனை வரைக்கும் கச்சேரி, பிரதேச செயலகம், பாடசாலை என்று ஏறாத சுவர் இல்லை. அலுவலகங்கள் எழுதுகிற ஸ்பெக்கைப் பார்த்தால் சில நேரம் சிரிப்பு வரும், சில நேரம் அழுகை வரும்.

முதலாவது கடற்காற்று. நம்முடைய பக்கம் கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு கீற்று நிலம். வெளியில் வைக்கிற யூனிட்டின் அலுமினியத் தகடுகள் உப்புக்காற்றில் வெள்ளை பூத்து, பிறகு விரலால் தொட்டாலே மாவாக உதிரும். அப்படி உதிர்ந்த கொயிலோடு ஓடுகிற ஏசி, ஸ்டிக்கரில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் மின்சாரம் குடிக்கத்தான் செய்யும். பத்து வருடம் ஓடவேண்டிய சாமான் நாலைந்து வருடத்தில் கழிவாகிறது. "கரையோரப் பாவனைக்கு ஏற்ற, அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள கொயில்" என்று ஒரு வரி எழுதுங்கள். வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் பூட்டக்கூடாது என்று இன்னொரு வரி. இது செலவே இல்லாத வரி, ஆனால் நான் பார்த்த ஒரு பத்திரத்திலும் இருந்ததில்லை.

இரண்டாவது, ஏசிக்குள் குளிரூட்டுகிற கேஸ் (வாயு). ஆர்410ஏ என்கிற கேஸ் வளியில் கலந்தால் அதன் வெப்பமாக்கும் சக்தி காபனீரொட்சைட்டைப் போல 2,088 மடங்கு. ஆர்32 என்றால் 675 மடங்கு. பழைய ஆர்22 வெப்பமாக்குவது போக ஓசோனையும் தின்னும். ஆர்32 கேஸ் உள்ள இயந்திரம் இப்போது சந்தையில் தாராளமாக இருக்கிறது. அதைக் கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம், ஆர்32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது, ஆகவே பூட்டுகிறவன் பயிற்சி எடுத்தவனா என்றும் கேட்கவேண்டும்.

மூன்றாவது, பழைய ஏசியைக் கழற்றும்போது நடப்பது. குழாயை வெட்டி, உஸ்ஸென்று கேஸை வெளியில் விட்டுவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். புது ஏசி வாங்கி மிச்சப்படுத்திய நன்மையில் பெரிய பங்கு அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். கேஸை மீட்டு எடுக்கிற மெஷின் உள்ளவனுக்குத்தான் வேலை என்று எழுதினால் எங்களைப் போன்றவர்களும் அந்த மெஷினை வாங்குவோம். கேட்காத வரைக்கும் யார் வாங்குவான்?

பட்டிருப்பு_பாலம்

நானா, உங்களுக்கு அந்த மெஷின் இருக்கிறதா? 😄

கல்முனை_நானா

இருக்கு மச்சான். அதனால்தான் எழுதச் சொல்கிறேன். 😄

உள்ளகக்_கணக்காய்வு

நானா பகிடியாகச் சொன்னாலும் விடயம் அங்கேதான் இருக்கிறது. ஒடிட் பக்கத்தில் இருந்து நான் சொல்லிவிடுகிறேன்.

நல்ல நோக்கத்தோடு எழுதிய ஸ்பெக்கும், ஒரு ஆளுக்காக வெட்டித் தைத்த ஸ்பெக்கும் கடதாசியில் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆகவே நான் பார்ப்பது இவற்றைத்தான். கேட்ட அளவுகோலைக் குறைந்தது மூன்று விநியோகத்தர்களாவது நிறைவேற்ற முடியுமா என்று முன்கூட்டி விசாரித்த குறிப்பு கோப்பில் இருக்கிறதா? வியாபாரப் பெயர் போட்டிருக்கிறார்களா? போட்டே ஆகவேண்டும் என்றால் பக்கத்தில் "அல்லது அதற்குச் சமமானது" இருக்கிறதா? கேட்ட சான்றிதழுக்கும் வாங்குகிற பொருளுக்கும் சம்பந்தம் இருக்கிறதா? கதிரை வாங்க ஐஎஸ்ஓ 14001 கேட்ட கோப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அது தொழிற்சாலையின் முகாமைத்துவ முறைக்குக் கொடுக்கிற சான்று, கதிரையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பொருளுக்கான சூழல் முத்திரை வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 14024 வகை முத்திரையைக் கேட்கவேண்டும், அதை மூன்றாம் தரப்பு ஒன்று சோதித்துக் கொடுக்கும். பெட்டியில் தானே பச்சை இலை படம் அடித்துக்கொள்கிறவனும் இருக்கிறான். "ஈக்கோ" என்ற சொல் எங்களுக்கு ஆதாரம் கிடையாது.

ஒடிட்டுக்குப் பயந்து நல்லதைச் செய்யவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் கோப்பில் அரைப் பக்கக் குறிப்பு எழுதப் பஞ்சிப்படுகிறவர்கள். கோபிக்க வேண்டாம்.

காகித_ஆலைவீதி

தாளைப் பற்றி யாரும் தொடவில்லை. எங்கள் ஊரில் ஆலையை வைத்துக்கொண்டு அதை விட முடியாது.

வாழைச்சேனைக் காகித ஆலை 1950களில் வந்தது. வைக்கோலில் இருந்து கூழ் எடுத்தார்கள். பொலன்னறுவை, மட்டக்களப்பு வயல்களின் வைக்கோல், பக்கத்திலேயே ஆலை, இதைவிடச் சூழலுக்கு நல்லது என்ன என்று இப்போது கேட்பார்கள். அவ்வளவு இலேசு இல்லை. வைக்கோலில் சிலிக்கா அதிகம். அதனால் கூழ் அவித்த கறுப்புக் கழிவுநீரில் இருந்து இரசாயனத்தை மீட்டெடுப்பது கடினம். மீட்காவிட்டால் அது எங்கேயாவது போகத்தானே வேண்டும். உள்ளூர் என்றவுடனே சுத்தம் என்று நினைக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஆலை நின்று, பல வருடம் துருப்பிடித்துக் கிடந்து, பிறகு கழிவுத் தாளை வைத்துத் திரும்ப இயக்க முயன்றார்கள்.

2022 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப் போட்டது ஞாபகம் இருக்கும். அந்த நேரம் எல்லா அலுவலகத்திலும் இரண்டு பக்கமும் அச்சடித்தார்கள், பழைய தாளின் பின்பக்கத்தில் வரைவு எழுதினார்கள். டொலர் வந்தவுடனே எல்லாம் மறந்து போனது.

இப்போது செய்யக்கூடியது. ஏ4 தாள் 80 ஜீஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை 80 கிராம்) ஒரு றீம், அதாவது 500 தாள், இரண்டரைக் கிலோ. 70 ஜீஎஸ்எம் என்றால் ஏறக்குறைய 2.19 கிலோ. எட்டில் ஒரு பங்கு மரக்கூழ் அப்படியே மிச்சம், விலையும் குறைவு. உள்ளகக் கடிதத்துக்கு 80 எதற்கு? காணி உறுதி, நிரந்தரக் கோப்பு இவற்றுக்கு மட்டும் 80 வாங்குங்கள். ஆனால் பழைய போட்டோகொப்பி மெஷினில் 70 சிக்கிக்கொள்ளும் என்று கொப்பி அடிக்கிற தம்பி சண்டைக்கு வருவார். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாள் எதுவானாலும் சிக்கும். களஞ்சியத்தில் தாளைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையில் வைத்தால் பாதிச் சண்டை தீரும்.

பிரின்டர் வாங்கும்போது இரு பக்கமும் தானாக அச்சடிப்பதா, டோனர் விலை ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பிரின்டரைச் சும்மா மாதிரித் தந்து டோனரில் உரிப்பதுதான் அந்த வியாபாரம்.

உகந்தை_வழி

அம்பாறைப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். சாப்பாட்டுப் பார்சலைப் பற்றிப் பேசுவோம். எல்லா அலுவலகத்திலும் வாரத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஐம்பது பார்சல்.

பள்ளக்காட்டுக் குப்பை மேட்டுக்குப் போனால் யானை பொலித்தீனோடு சேர்த்துச் சோறு தின்பதைக் கண்ணால் பார்க்கலாம். 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் செத்துக் கிடந்தபோது, எட்டு வருடத்தில் ஏறக்குறைய 20 யானைகள் அந்தக் குப்பையைத் தின்று செத்திருக்கின்றன என்று செய்தி உலகம் முழுக்கப் போனது. வெட்டிப் பார்த்த மிருக வைத்தியர் வயிற்றில் கண்டது பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும்தான். வேறு சாப்பாடு இல்லை. யானை பசிக்குத்தான் அங்கே வருகிறது. எண்ணெயும் உப்பும் பட்ட லஞ்ச் ஷீற்றின் மணம் அதற்குச் சோறு.

பொலித்தீன் லஞ்ச் ஷீற், ரெஜிபோம் பெட்டி இரண்டும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சு குழாய் எல்லாம் 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. அதாவது இது "சூழலுக்கு நல்லதை வாங்குவோமா" என்கிற விருப்பக் கேள்வியே இல்லை. சட்டம் நடைமுறைப்படுத்தவேண்டிய அலுவலகமே தடைசெய்த சாமானுக்கு வவுச்சரில் கையெழுத்து வைக்கிறது. அதை ஏன் ஒடிட் கேட்பதில்லை?

உள்ளகக்_கணக்காய்வு

வவுச்சரில் "மதிய உணவு 50" என்றுதான் இருக்கும். எதில் சுற்றி வந்தது என்று அதில் எழுதுவதில்லையே. ஓர்டரில் எழுதிக் கொடுங்கள், பிறகு நாங்கள் கேட்கிறோம்.

வாவிக்கரை_எழுத்தர்

எங்களுக்குச் சாப்பாடு தருகிற அக்கா இப்போது "உக்கும் பெட்டி" என்று ஒன்றில் தருகிறார். அது சரிதானே?

சுகாதாரப்_பக்கம்

எந்தப் பெட்டி என்பதைப் பொறுத்தது தங்கச்சி. உக்கும் என்று விற்கிற பொலித்தீன்களில் ஒரு வகை சும்மா தூளாக உடையும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக்காக மண்ணில் இருக்கும். சோளமாவில் இருந்து செய்கிற பீஎல்ஏ வகை உண்மையிலேயே உக்கும், ஆனால் அதற்கு 58 பாகை அளவு சூடு நாள்கணக்கில் வேண்டும். வீட்டுக் குப்பைக் கிடங்கில் அந்தச் சூடு நிற்காது. ஆகவே அதுவும் மற்றக் குப்பையோடு போய் அப்படியே கிடக்கும்.

கமுகம் பாளைத் தட்டு, வாழையிலை, தாமரை இலை, இவற்றில் பிரச்சினை இல்லை. எனக்குக் கேட்டால் எல்லாவற்றிலும் நல்லது அலுவலகத்திலேயே ஐம்பது பீங்கான் அல்லது எவர்சில்வர் தட்டும் கிளாஸும் வாங்கி வைப்பது. உணவைப் பாத்திரத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். கழுவுகிற இடம் ஒழுங்காக இருக்கவேண்டும், ஓடுகிற தண்ணீரில் கழுவிக் காயவைக்கவேண்டும், இல்லாவிட்டால் வயிற்றோட்டத்தோடு நான்தான் வரவேண்டி வரும். தண்ணீருக்கு ஒரு வடிகட்டியும் கூஜாவும் போதும்.

பட்டிருப்பு_பாலம்

தட்டைக் கழுவுவது யார்? அலுவலக உதவியாளர் அக்காவின் தலையில்தானே விழும். சூழலைக் காப்பாற்றுகிறோம் என்று கடைசியில் கடைநிலைப் பெண் ஊழியருக்கு வேலையைக் கூட்டுவதுதான் நடக்கும்.

சுகாதாரப்_பக்கம்

ஒத்துக்கொள்கிறேன். கழுவுவதும் எடுத்துப் போவதும் சாப்பாட்டு ஒப்பந்தத்துக்குள் இருக்கட்டும், அதற்கும் காசு கொடுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சில பெண்கள் சங்கங்கள் பாத்திரத்தோடு வந்து பரிமாறிவிட்டுக் கழுவி எடுத்துக்கொண்டு போகிறார்கள், பார்சலை விடக் கொஞ்சம்தான் கூட.

மருதமுனை_தறி

திரைச்சீலை, மேசை விரிப்பு வாங்குகிற அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். மருதமுனைக் கைத்தறியைக் கேளுங்கள். பொலியெஸ்டர் திரை கப்பலில் வருகிறது, எங்கள் தறிக்கு மின்சாரமே வேண்டாம். ஆனால் காகித ஆலைத் தம்பி சொன்னது எங்களுக்கும் பொருந்தும். சாயம் போட்ட தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்று எங்களிடமும் கேளுங்கள். ஸ்பெக்கில் அதை எழுதினால் ஒழுங்காகச் செய்கிறவனுக்கு ஓர்டர் போகும். இப்போது குறைந்த விலை மட்டும் பார்ப்பதால் தண்ணீரை மணலில் ஊற்றுகிறவன்தான் வெல்கிறான். இன்னொன்று, காசை ஆறு மாதம் இழுத்தடித்தால் எந்த நெசவாளியும் கச்சேரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். சிறிய ஆட்களிடம் வாங்க விரும்பினால் முதலில் பில்லை நேரத்துக்குக் கொடுங்கள்.

பழைய_கணக்காளர்

கடைசிச் சகோதரர் சொன்னதற்கு நூறு கைதட்டு.

ஒன்று சேர்க்கிறேன். எல்ஈடி பூட்டியபின் கழற்றிய டியூப்களை என்ன செய்யப் போகிறீர்கள்? 36 வொட் டியூப் இருந்த இடத்தில் 18 வொட் எல்ஈடி, மின்சாரம் பாதிக்குக் குறையும், நல்லது. ஆனால் பழைய டியூபில் பாதரசம் இருக்கிறது. போட் ஒஃப் சேவே (பொருள் கணக்கெடுக்கிற குழு) வரும்வரை களஞ்சிய மூலையில் சாய்த்து வைப்பார்கள், ஒரு நாள் யாராவது கதவைத் தள்ள எல்லாம் உடையும். பிறகு ஏலம். ஏலத்தில் இரும்புக் கடைக்காரன் கொம்பியூட்டரோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போவான், வயரை எரித்துச் செம்பெடுப்பான். இலத்திரனியல் கழிவை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவனுக்குத்தான் கொடுக்கவேண்டும். புதிது வாங்கும்போதே "பழையதை விநியோகத்தர் திருப்பி எடுத்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைத்த பற்றுச்சீட்டு தரவேண்டும், அதன் பின்பே இறுதிக் கொடுப்பனவு" என்று போடலாம். அரச சொத்து என்பதால் கழிப்பதற்கான ஒப்புதலை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அது தனிக் கரைச்சல்.

வாவிக்கரை_எழுத்தர்

எல்லோருக்கும் நன்றி. ஏசிக்கு மட்டும் முதலில் வரைவு போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"18,000 பீடியூ இன்வேர்ட்டர் வகை. குளிரூட்டும் வாயு ஆர்32. வெளி அலகின் கொயில் கரையோரப் பாவனைக்கான அரிப்புத் தடுப்புப் பூச்சுடன். கொம்ப்ரெசருக்கு ஐந்து வருட உத்தரவாதம். மதிப்பீட்டில் விலையோடு ஐந்து வருட மின்சாரச் செலவும் சேர்க்கப்படும். பழைய அலகின் வாயு மீட்டெடுக்கப்பட வேண்டும்."

உள்ளகக்_கணக்காய்வு

நல்லது. "ஆர்32" என்பதை "வெப்பமாக்கும் சக்தி காபனீரொட்சைட்டைப் போல 750 மடங்குக்கு மேற்படாத வாயு" என்று மாற்றுங்கள், போட்டி கூடும். மின்சாரச் செலவுக்கு யூனிட் விலை, மணித்தியாலம், நாள் மூன்றையும் பத்திரத்திலேயே எண்ணாகப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவனும் தனக்கு வசதியான கணக்கோடு வருவான்.

கல்முனை_நானா

உத்தரவாதம் ஐந்து வருடம் சரி, ஆனால் சேவிஸுக்கு வருகிறவன் மட்டக்களப்பு அல்லது அம்பாறை மாவட்டத்துக்குள் இருக்கவேண்டும் என்று போடுங்கள். கொழும்பில் இருந்து வான் வந்து போகிற டீசலுக்கு உங்கள் ஆர்32 கணக்கெல்லாம் அடிபட்டுவிடும்.

உள்ளகக்_கணக்காய்வு

"மாவட்டத்துக்குள்" என்று போட்டால் போட்டியைக் குறைத்தாய் என்று நானே கேட்பேன் நானா. "அறிவித்து 24 மணித்தியாலத்துக்குள் திருத்துநர் வரவேண்டும்" என்று போடட்டும்.

கல்முனை_நானா

அதுவும் சரிதான். அப்படியே போடுங்கள் தங்கச்சி.